மூல ஓலை எங்கே?

ஓர் அரசு தன் குடிகளின் நிலத்தைக் குறித்து ஓர் ஓலை விடுக்கின்றது. அவ்வோலை மெய்யானதா? விடுத்தவர் யார்? விடுத்த பின்னர் இடையில் எவரேனும் ஓர் எண்ணையோ எழுத்தையோ மாற்றினரா? இவற்றை ஐயந்திரிபற அறியும் உரிமை அக்குடிகளுக்கு உண்டா, இல்லையா? உண்டு என்றே எல்லோரும் விடை பகர்வர். ஆனால், கீரிமலையிலே பரம்பரைக் காணி வைத்திருக்கும் ஒருவர் அவ்வுரிமையைக் கையாள்வதற்கு இன்று வழியுண்டா என்று கேளுங்கள். விடை பகர்ந்தவர்கள் வாய்மூடி நிற்பர்.

வழியே இல்லை என்பதன்று. வழி இருக்கின்றது. உலக நாடுகள் பலவற்றில் பல்லாண்டுகளாக நடைமுறையில் இருக்கின்றது. இந்நாட்டுச் சட்டமும் 2006ஆம் ஆண்டிலேயே அதற்கு இடங்கொடுத்துவிட்டது. அவ்வாறிருந்தும் அவ்வழியை மக்களுக்குத் திறந்துவிட வேண்டியவர்கள் வாளாவிருக்கின்றனர் என்பதே நமது குற்றச்சாட்டு. டிஜிட்டல் கையொப்பம் இட்ட பி.டி.எஃப். ஆவணத்தைச் சரிபார்க்கும் முறையையே நாம் ஈண்டு குறிப்பிடுகின்றோம். இது கணினி வல்லுநரின் காரியமன்றோ, அரசியல் ஏட்டில் இதற்கு என்ன வேலை என்று எவரும் எண்ண வேண்டாம். நிலம் போவதும் நிலைப்பதும் ஒரு காகிதத்தைப் பொறுத்தது என்பதை நம்மினும் அறிந்தார் யார்?

நிலமும் ஓலையும்

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். நகுலேஸ்வரப் பெருமான் கோயிலும் அவ்வாண்டிலேயே குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. வீட்டுப் பெட்டகத்தில் இருந்த உறுதிகள் வீட்டோடு போயின. 2013ஆம் ஆண்டில் வலிகாமத்திலே 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் வீதிக்கு வந்தனர், நீதிமன்றத்துக்கும் சென்றனர். கீரிமலையிலே ஜனாதிபதிக்கு மாளிகை எழுந்தது. அயலிலே காணிக்காரர் வாடகை வீட்டில் இருந்தார். இன்றுவரை எல்லாக் காணியும் திரும்பி வரவில்லை.

பின்னர் 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் வடமாகாணத்தில் 5,941 ஏக்கர் குறித்து வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. அவற்றுள் 3,669 ஏக்கர் யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்தவை. மூன்று மாதங்களுக்குள் உரித்தை நிறுவுக, இன்றேல் அரச காணியாகும் என்பது அதன் சாரம். ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அதனை மீளப் பெற்றுக்கொண்டது. வெற்றிதான். ஆனால், அந்த மூன்று மாதங்களை எண்ணிப் பாருங்கள். காணிக்காரரின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கின்றனர். இத்தகைய அறிவித்தல் இன்று கடல் கடப்பது தபாலிலன்று, கைபேசியில். முழு ஆவணமாக ஒருவருக்கு, ஒரு பக்கத்தின் படமாக இன்னொருவருக்கு, எவரோ தட்டெழுதிய சுருக்கமாக மூன்றாமவருக்கு. ஊர்ப் பெயர் சரிதானா? துண்டு இலக்கம் சரிதானா? இறுதித் திகதி சரிதானா? எந்தப் படியை நம்பிச் சட்டத்தரணியை அமர்த்துவது?

நீதிமன்றத்தில் முதற் கேள்வியே, "எந்த ஆவணத்தை எதிர்க்கிறீர்?" என்பதுதான். ஆவணத்தை நிறுவாதவனுக்கு வழக்கில்லை. பொய்ப் படியைக் கண்டு அஞ்சி ஓடுவோனும் கெடுவான். மெய்ப் படியைப் பொய்யென்று அலட்சியம் செய்வோனும் கெடுவான்.

வெண்ணெய்நல்லூர் வழக்கு

சைவ உலகம் இதனை முன்னரே அறியும். சுந்தரர் திருமணத்தன்று கிழவேதியர் ஒருவர் அடிமை ஓலையொன்றைக் கொண்டு வந்தார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழவர் கலங்கினாரா? இல்லை. கிழிந்தது படி ஓலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்றார். அவ்வூர் அவையத்தார் என் செய்தனர்? ஓலையைக் காட்டியவரின் வயதைக் கண்டு நம்பினரா? சுந்தரரின் கீர்த்தியைக் கண்டு தள்ளினரா? இரண்டுமில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கினர். ஒத்திருந்தது, தீர்ப்பளித்தனர்.

பெரியபுராணம் காட்டும் இவ்வழக்கில் மூன்று பாடங்கள் உள. படி வேறு, மூலம் வேறு என்பது ஒன்று. ஒப்பத்தைச் சரிபார்க்க, ஐயமற்ற இன்னோர் ஒப்பம் வேறோர் இடத்தில் காப்பாக இருத்தல் வேண்டும் என்பது இரண்டு. சரிபார்ப்பவர் ஆவணத்தைக் கொண்டு வந்தவராக இருத்தலாகாது என்பது மூன்று. இந்த மூன்றும் டிஜிட்டல் கையொப்பத்தின் இலக்கணமும் ஆகும்.

நமது நொத்தாரிசு முறையிலும் இதே அறிவுதான் அமைந்திருக்கிறது. உறுதியின் மூலப்பிரதி காணிக்காரரிடம். ஒரு பிரதி நொத்தாரிசின் கோவையில். இன்னொன்று காணிப் பதிவகத்தில். மூன்றிடத்திலும் கள்ளன் கைவைத்தல் அரிது. பெட்டகம் எரிந்த பின்னரும் பதிவகப் பிரதியால் காணியை மீட்டவர்கள் இதனை அறிவர்.

எவ்வாறு இயங்குகின்றது?

டிஜிட்டல் கையொப்பம் என்பது ஆவணத்தின் அடியில் தெரியும் ஒப்பப் படமன்று, முத்திரைப் படமுமன்று. அதைச் சிறு பிள்ளையும் வெட்டி ஒட்டும். உண்மையான கையொப்பம் கண்ணுக்குத் தெரியாத கணக்கு.

முதலில், ஆவணத்தின் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாகக் கொண்டு, ஹாஷ் எனப்படும் ஒரு சாரத்தைக் கணினி வடித்தெடுக்கின்றது. இன்று பெருவழக்கான எஸ்.எச்.ஏ-256 முறையில் அச்சாரத்தை 64 குறிகளால் எழுதலாம். ஆவணத்தில் "5 பரப்பு" என்பதை "6 பரப்பு" என்று மாற்றினால் 64 குறிகளும் ஏறக்குறைய முற்றாக மாறிவிடும். பிறகு, ஒப்பமிடுபவர் தம்மிடம் மட்டுமே உள்ள மறைத் திறவுகோலால் அச்சாரத்தைப் பூட்டி ஆவணத்துள் வைக்கின்றார். அதற்கு இணையான பொதுத் திறவுகோல் உலகோர் எல்லோர்க்கும் கிடைக்கும். சரிபார்ப்போர் தாமே சாரத்தை மீண்டும் வடித்து, பொதுத் திறவுகோலால் கண்ட சாரத்தோடு ஒப்பிடுகின்றனர். ஒத்தால், ஒப்பமிட்ட பின் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஒவ்வாவிட்டால், எங்கோ கை பட்டிருக்கின்றது. 1976இலும் 1977இலும் அமெரிக்காவில் அறிஞர்கள் கண்ட கணித வழி இது.

ஆயினும் இன்னொரு கேள்வி எஞ்சுகின்றது. அப்பொதுத் திறவுகோல் இன்னாருடையது என்பதற்கு யார் சாட்சி? அதற்கே சான்றிதழ் வழங்குநர் என்னும் நிறுவனம். அந்நிறுவனத்துக்கு மேல் ஒரு வேர்ச் சான்றிதழ். வெண்ணெய்நல்லூரில் காப்பிலிருந்து வந்த ஓலை எதுவோ, அதுவே ஈண்டு வேர்ச் சான்றிதழ்.

பச்சைக் குறியின் மாயம்

இவ்வளவும் அறிந்தால், ஏமாற்று எங்கே புகும் என்பதும் விளங்கும்.

ஆவணத்தைத் தாளில் அச்சிட்டு நீட்டுகின்றனர். மூலையில் பச்சைக் குறி. அந்தத் தாளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இல்லை. கணக்கு கோப்பில் இருந்தது. தாளில் மை மட்டுமே வந்தது. கைபேசியில் எடுத்த படத்துக்கும் இதே விதி. வட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் கோப்பு கோப்பாகவே சேரும். படமாக அனுப்பினால் கையொப்பம் கழன்றுவிடும். இணைய உலாவியில் திறந்து பார்த்தால் போதும் என்பாரும் உளர். பெரும்பாலான உலாவிகள் பக்கத்தைக் காட்டுமேயன்றிக் கையொப்பத்தைச் சோதிப்பதில்லை.

இன்னொரு மாயம்: எவரும் தம் வீட்டுக் கணினியில், தாம் விரும்பிய பெயரில் சான்றிதழ் ஆக்கிக்கொள்ளலாம். அரசாங்க அச்சாளர் என்றும் எழுதலாம்; அரசாங்க அதிபர் என்றும் எழுதலாம். வேர்ச் சான்றிதழ்வரை தொடர்பு செல்கின்றதா என்று பார்க்காதவன் பெயரைக் கண்டு ஏமாறுவான்.

மென்பொருளே ஏமாந்த காலமும் உண்டு. பி.டி.எஃப். கோப்பின் இயல்பு, பழையதை அழிக்காமல் இறுதியில் புதியதைச் சேர்க்க இடங்கொடுப்பது. ஒப்பமிட்ட பகுதி மாறாதிருக்க, பின்னால் சேர்த்த பகுதி மேலே தெரியுமாறு செய்வது இதனால் இயல்வதாயிற்று. 2019ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 மென்பொருள்களைச் சோதித்து, அவற்றுள் 21 மென்பொருள்களை ஏதோவொரு வகையில் ஏமாற்றிக் காட்டினர். நிறுவனங்கள் பின்னர் திருத்தங்களை வெளியிட்டன. பழைய பதிப்பை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு அத்திருத்தத்தால் பயன் என்ன?

சாட்சியே சோரம் போன கதையும் உண்டு. நமக்குத் தோம்பு எழுதிவைத்த அதே ஒல்லாந்து தேசத்திலே, அரசே நம்பியிருந்த டிஜிநோட்டார் என்னும் சான்றிதழ் நிறுவனத்துள் 2011ஆம் ஆண்டு கள்ளர் புகுந்தனர். 500க்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்கள் பிறந்தன. நிறுவனம் அவ்வாண்டிலேயே முறிந்தது. சாரம் வடிக்கும் முறையும் முதுமையடையும். 2017ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிறுவனமொன்றும் கூகுளும் சேர்ந்து, உள்ளடக்கம் வேறு, எஸ்.எச்.ஏ-1 சாரம் ஒன்று என்னும்படியான இரு பி.டி.எஃப். கோப்புகளை ஆக்கிக் காட்டின. அம்முறை அன்றோடு மதிப்பிழந்தது.

ஆகவே சரிபார்ப்போர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. ஒப்பமிட்ட பின் ஆவணம் மாறிற்றா? ஒப்பம் ஆவணம் முழுவதையும் தழுவுகிறதா, பின்னர் ஏதேனும் சேர்க்கப்பட்டதா? சான்றிதழ், நாம் வேறு வழியால் உறுதிசெய்த வேரில் சென்று முடிகிறதா? ஒப்பமிட்ட வேளையில் அச்சான்றிதழ் உயிரோடிருந்ததா, இரத்துச் செய்யப்பட்டிருந்ததா? இந்நான்கிற்கும் விடை பெறாமல் குறியின் நிறத்தைக் கண்டு மகிழ்வது, மணமகளைக் காணாமல் மணவறைச் சோடனையைக் கண்டு தாலி கட்டுவதாகும்.

இந்தியாவைப் பாருங்கள். அங்கே 2000ஆம் ஆண்டிலேயே தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. கோடிக்கணக்கானோர் ஆதார் அட்டையைக் கையொப்பமிட்ட கோப்பாகத் தரவிறக்குகின்றனர். திறந்தால் பச்சைக் குறி தெரிவதில்லை, கேள்விக்குறியே தெரிகின்றது. கோப்பு பொய்யென்பதன்று. இந்திய வேர்ச் சான்றிதழை அம்மென்பொருள் தானாக நம்புவதில்லை. பயன்படுத்துவோர் சேர்த்துக்கொண்டால்தான் கேள்விக்குறி மறையும். எத்தனை பேர் சேர்த்தனர்? பெரும்பாலானோர் கேள்விக்குறியோடு அச்சிட்டுக் கொடுக்கின்றனர். அலுவலரும் கேள்வி கேளாமல் வாங்கிக்கொள்கின்றனர். பூட்டு உண்டு, திறவுகோலும் உண்டு, கதவு மட்டும் திறந்தே கிடக்கின்றது! அக்கேலிக் கூத்து யாழ்ப்பாணத்திலும் அரங்கேற வேண்டுமா?

மூன்று மறுப்புகள்

நமது கோரிக்கைக்கு எதிராக மூவகையார் எழுவர்.

முதலாமவர் றப்பர் முத்திரைப் பக்தர். "காகிதமும் முத்திரையும் இருக்கக் கணினி எதற்கு?" என்பார். ஐயா, கள்ள உறுதிகள் யாழ்ப்பாணத்துக்கு எதனால் வந்தன? காகிதத்தாலும் முத்திரையாலுமே வந்தன. முத்திரை வெட்டும் கடை எந்தப் பட்டினத்தில் இல்லை? எனினும் ஒன்றை நேர்மையோடு சொல்வோம். காணி விற்பனையும் மரண சாதனமும் அற்றோணித் தத்துவமும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவினால் புறத்தே நிறுத்தப்பட்டன. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்கும் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் காணி உறுதிக்கு வேண்டும். உறுதியைக் கணினிக்கு மாற்றுக என்று நாம் கேட்கவில்லை. உறுதியின் உயிரைப் பறிக்கும் அறிவித்தல்கள் கணினி வழியே வருகின்றனவே, அவற்றைச் சோதிக்க வழி விடுக என்றே கேட்கின்றோம்.

இரண்டாமவர், "அரசாங்க இணையத்தளத்தில் இருக்கின்றது, அது போதாதா?" என்பார். போதாது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே அந்நியர் ஊடுருவினர். வர்த்தமானி குடியிருக்கும் வீட்டின் கதவு அது! வீட்டை மட்டும் நம்பினால் வீடு உடைந்த அன்று நம்பிக்கையும் உடையும். ஆவணத்துள்ளேயே சரியான கையொப்பம் இருந்தால், அது எங்கிருந்து வந்தாலும், எத்தனை கை மாறினாலும், தனக்குத் தானே சாட்சி சொல்லும்.

மூன்றாமவரே கொடியவர். "இதெல்லாம் ஊர்ச் சனத்துக்கு விளங்காது" என்பார். ஒரு பனையின் பங்குக்கும் ஒரு வேலியின் கதியாலுக்கும் தலைமுறை தலைமுறையாக வழக்காடி, தேசவழமையின் முதுசத்தையும் தேடிய தேட்டத்தையும் திண்ணையிலிருந்தே விளக்கும் மக்களுக்கா விளங்காது? நான்கு கேள்விகளை அவர்களின் தாய்மொழியில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். விளங்காதது மக்களுக்கன்று; விளக்க மனமில்லாதவர்களுக்கே.

மொழி என்றோம். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. நிலத்தைப் பறிக்கும் அறிவித்தல் தமிழில் வரவேண்டுமாயின், அவ்வறிவித்தல் மெய்யென்று காட்டும் சரிபார்ப்பும் தமிழில் அமைதல் வேண்டாமா? "செல்லுபடியாகும்", "செல்லாது", "பின்னர் மாற்றப்பட்டது" என்னும் தொடர்களைத் தமிழில் எழுத என்ன செலவு?

நமது கோரிக்கைகள்

ஒன்று: காணி தொடர்பான எந்த அறிவித்தலும், எந்த அரச அலுவலகத்திலிருந்து வந்தாலும், முறையான டிஜிட்டல் கையொப்பத்துடன், மூன்று மொழிகளிலும் ஒரே வேளையில் வெளிவருதல் வேண்டும்.

இரண்டு: அக்கையொப்பத்தோடு காலமுத்திரையும், சான்றிதழ் அன்று உயிரோடிருந்தமைக்கான சான்றும் கோப்புள்ளேயே பதிக்கப்படல் வேண்டும். சான்றிதழ் சில ஆண்டுகளில் காலாவதியாகும். காணி வழக்கோ பேரப்பிள்ளை காலம்வரை நடக்கும். பேரன் சோதிக்க இயலாத ஒப்பம் ஒப்பமன்று.

மூன்று: வேர்ச் சான்றிதழின் அடையாளக் குறிகள் வர்த்தமானியிலும், பத்திரிகைகளிலும், பிரதேச செயலகச் சுவரிலும் அச்சிட்டு ஒட்டப்படல் வேண்டும். இணையத்தில் மட்டும் இருப்பதை இணையத்தாலேயே சோதிப்பது திருடனைத் திருடனின் தமையனிடம் விசாரிப்பதாகும்.

நான்கு: ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், பொது நூலகத்திலும், எவரும் கோப்பைக் கொண்டுவந்து கட்டணமின்றிச் சரிபார்த்து, முடிவைத் தமிழில் எழுத்தில் பெறும் மேசை ஒன்று அமைதல் வேண்டும்.

ஐந்து: கையொப்பமிட்ட கோப்பின் அச்சுப் பிரதியை மட்டும் காட்டி எவருடைய உரித்தையும் மறுத்தல் ஆகாது. மூலக் கோப்பைத் தரவேண்டிய கடப்பாடு அதிகாரிக்கே உரியது.

அதுவரை மக்கள் செய்யத்தக்கதும் உண்டு. அறிவித்தல் கிடைத்தால் கோப்பைக் கோப்பாகவே வைத்திருங்கள். திறந்து மறுபடி சேமிக்காதீர்கள். யாரிடமிருந்து, எந்நாளில், எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று எழுதிவையுங்கள். கடல் கடந்த பிள்ளைகளுக்குப் படம் பிடித்து அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். ஒப்பமில்லாத கோப்பாயின், திணைக்களத்திடம் உறுதிப்படுத்திய பிரதியை எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கின்றது.

இறுதியாக ஒரு வார்த்தை. கையொப்பம் மெய்யானது என்பதனால் கட்டளை நீதியானது ஆகிவிடாது. 2025ஆம் ஆண்டின் அறிவித்தலை எதிர்த்தவர்கள் அதைப் போலி என்று எதிர்க்கவில்லை. அரசே விடுத்த அநீதியென்று எதிர்த்தனர். டிஜிட்டல் கையொப்பம் நமக்கு நீதியைத் தராது. நீதியைக் கேட்கும் வாசலைத் தரும். "நான் எழுதவில்லை, இடையில் எவரோ மாற்றினர்" என்று நாளை எந்த அதிகாரியும் நழுவ இயலாதவாறு, எழுதியவனை எழுத்தோடு பிணைத்து நிறுத்தும். அதனால்தான் அதிகாரத்தில் இருப்போர் சரிபார்க்கும் வழியைத் திறக்கத் தயங்குகின்றனர். அதனால்தான் அடிமை ஓலை கண்ட இனத்தவராகிய நாம் அதனை வற்புறுத்துகின்றோம்.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணியில் மூழ்கித் தந்தையர்க்கு எள்ளும் நீரும் இறைப்பவர்களே! அத்தந்தையர் விட்டுச் சென்ற காணிக்கு எதிராக ஓலையொன்று வரின், வணங்கி வாங்காதீர்கள். வெகுண்டு கிழிக்கவும் வேண்டாம். வெண்ணெய்நல்லூர் அவையத்தார் போல் நிமிர்ந்து நின்று கேளுங்கள்: மூல ஓலை எங்கே?